நாப்பதாயிரம் ரூபா போனும் எங்கம்மா நெத்தியும்: ஒரு செல்ஃபி கேமரா ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது பேட்டரி எத்தன மணித்தியாலம் நிக்கிது, கேம் வெளாண்டா சூடாகுதா, சார்ஜ் எவ்வளவு வேகமா ஏறுதுன்னு சொல்ற ரிவ்யூ இல்ல. அதுக்கெல்லாம் யூடியூப்ல நெறைய பேர் இருக்காங்க, நல்லாவும் சொல்றாங்க. நான் பாக்கப் போறது முன்பக்க கேமராவ மட்டும்தான், அதுலயும் ஒரே ஒரு கேள்வி: இலங்கை மலையகத்துல பொறந்து வெயில்லயும் பனியிலயும் நிக்கிற, கறுப்பா இல்லாட்டி மாநெறமா இருக்கிற ஒரு பொம்பளையோட மொகத்த இந்த போன் என்ன பண்ணுது. ரிவ்யூ சொல்ற தம்பிமாரு இத பாக்குறதில்ல. ஒரு செல்ஃபி எடுப்பாங்க, "ஸ்கின் டோன் சூப்பரா வருது"ன்னு சொல்லுவாங்க, அடுத்ததுக்கு போயிடுவாங்க. யாரோட ஸ்கின், எந்த டோன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

போன் ஹட்டன் டவுன்ல வாங்கினது, நாப்பதாயிரம் ரூபாவ ஒட்டின வெல. கம்பெனி பேர் போடல. ஏன்னா அக்கா வச்சிருக்கிறது வேற கம்பெனி, என்கூட முன்பள்ளியில படிப்பிக்கிற மிஸ் வச்சிருக்கிறது இன்னொரு கம்பெனி, மூனுலயும் இதே கததான், ஒன்னுல கொஞ்சம் கூட ஒன்னுல கொஞ்சம் கொறய. இந்த வெலைக்கு போன் வாங்கப் போற யாருக்கும் இது பொருந்தும்னு நெனச்சு எழுதுறேன்.

வெலய சும்மா சொல்லிட்டுப் போக மனசு வரல. 2024ல அரசாங்க கசட்ல வந்த தேயிலைத் தோட்டச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,350 ரூபா. அப்ப இந்த போன் எங்கம்மா மாதிரி ஒரு ஆளுக்கு 30 நாள் கொழுந்து. ஒரு நாள் வேலைய ஒரு பேருன்னு சொல்லுவோம், மாசத்துல 30 பேரு யாருக்கும் விழாது, மழை இருக்கு, வேலை குடுக்காத நாள் இருக்கு, கிலோ கொறஞ்சு அரைப்பேரு போடுற நாள் இருக்கு, அதுக்குள்ள கடை கணக்கு, கரண்டு, சங்கத்துக் காசுன்னு வெட்டினது போக மிஞ்சுறதுலதான் போன் கட்டுக்காசு கட்டணும். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குற சாமான் நம்மள நம்மளா காட்டணும்னு எதிர்பாக்குறது பெரிய ஆசையா எனக்கு தெரியல.

சரி, டெஸ்டுக்கு வர்றேன். பெட்டியத் தொறந்து சிம்ம போட்டு, ஒரு செட்டிங்கும் தொடாம, அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு ஒரு செல்ஃபி எடுத்தேன். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல், காலையில பனி வெலகின நேரம், வெளிச்சத்துக்கு கொறையே இல்ல. படத்துல நான் ஓரளவுக்கு நானா இருந்தேன். அம்மா அம்மாவா இல்ல.

எங்கம்மாவுக்கு நெத்திக்கு மேல, முடி தொடங்குற எடத்துல, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு தடம் இருக்கு. கொழுந்துக் கூடைக் கயித்த தலையில மாட்டி வருஷக்கணக்கா பாரம் இழுத்து விழுந்த தடம். அந்த எடத்துல முடி கொறஞ்சு, தோலு கொஞ்சம் தடிச்சு, மத்த எடத்த விட கறுத்து மினுங்கும். இப்ப சாக்கு, நைலோன் பைன்னு வந்திருச்சு, சின்னப் புள்ளைங்களுக்கு அவ்வளவா விழுறதில்ல, ஆனா அம்மா வயசுக்காரங்க தலையில வெரல் வச்சுப் பாத்தா தெரியும். போட்டோவுல அந்த தடம் இல்ல. மங்கலாக் கூட இல்ல, சுத்தமா இல்ல, நெத்தி முழுக்க ஒரே சீரா ஒரு கலர். மூக்குத்திக் கல்லு கரைஞ்சு ஒரு வெள்ளைப் புள்ளியா நிக்கிது, கண்ணுக்குக் கீழ உள்ள கருப்பு போயிருச்சு, தாடை சிறுத்துருச்சு, கலர் ரெண்டு மூனு படி ஏறிருச்சு. அம்மா படத்த வாங்கிப் பாத்துட்டு "யாரு புள்ள இது, ஒங்க சித்தி மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க. சித்தி அம்மாவ விட சின்னவ, கொழும்புல வீட்டு வேலை, வெயிலுக்கு வராதவ.

அப்புறம் பக்கத்து லயத்து அம்மாயிய எடுத்தேன். அவங்களுக்கு தாடையில மூனு புள்ளி பச்சை குத்தியிருக்கு, மொழங்கைக்கு கீழ ஒரு கோலம் மாதிரி பச்சை. படத்துல தாடைப் புள்ளி மூனும் அழிஞ்சிருச்சு, கையில உள்ள பச்சை மட்டும் அப்படியே தெளிவா நிக்கிது. போன் தேடிப் போறது மொகத்த மட்டும்தான்னு அங்கதான் தெளிவா விளங்கிச்சு. மொகத்த கண்டுபுடிக்கிது, அதுல தோலு எது, கண்ணு எது, ஒதடு எதுன்னு பிரிக்கிது, தோலுன்னு நெனச்ச எடத்துல சின்னச் சின்னதா கலர் மாறுற எல்லாத்தையும் அழுக்குன்னு கணக்கு பண்ணி தடவி விடுது. பரு, தழும்பு, மச்சம், பச்சை, கயித்துத் தடம், அதுக்கு எல்லாம் ஒன்னுதான். கண்ணு, ஒதடு ஓரம் மாதிரி பெரிய கோடு மட்டும் தப்பிக்கும். அப்புறம் மொகத்துக்கு மட்டும் தனியா வெளிச்சம் ஏத்துது. எது அழகு, எது கறைன்னு எங்கயோ ஒரு ஒஃபிஸ்ல யாரோ ஏற்கனவே முடிவு பண்ணி வச்சிட்டாங்க, அம்மாயிகிட்ட யாரும் கேக்கல.

இதுக்கு பேரு "பியூட்டி". பெட்டியில இருந்து வெளிய வரும்போதே போட்டபடிதான் வருது, பாதிக்கு மேல ஏத்தி வச்சு. நான் கோவப்படுறது இங்கதான். இப்படி ஒரு வசதி இருக்கிறது எனக்கு பிரச்சனை இல்ல, கேக்காம போட்டு வச்சிருக்கிறதுதான் பிரச்சனை. எங்கம்மாவுக்கு அப்படி ஒரு பட்டன் இருக்குன்னே தெரியாது, அவங்க நெனப்பாங்க போன்ல மொகம் இப்படித்தான் விழும்னு, இல்லாட்டி தன் மொகத்துலதான் ஏதோ கொறை, அதத்தான் போன் சரி பண்ணுதுன்னு.

வேற வேற வெளிச்சத்துலயும் பாத்தேன். மலையில உச்சி வெயில்ல, பின்னால தேயிலையும் வானமும் இருக்கும்போது பியூட்டி இல்லாம எடுத்தா மொகம் கருகிப் போகுது, போட்டு எடுத்தா சாம்பல் பூத்த மாதிரி வருது, நடுவுல உள்ள உண்மையான கலர் ரெண்டுலயும் கிடைக்கல. பனிக்குள்ளயும் அதே கத. கேமரா வெளிச்சம் அளக்கிறது ஒரு நடுத்தர சாம்பல் நெறத்த கணக்கா வச்சு, பின்னால வெள்ளையா பனி நிக்கிறப்போ மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடும், கறுத்த மொகம்தான் மொதல்ல அதுல மாட்டிக்கும். மொகத்து மேல வெரல அமத்திப் புடிச்சு, பக்கத்துல வர்ற சூரியன் அடையாளத்த கொஞ்சமா மேல தள்ளினா நல்லா வருது, இது நெசமாவே ஒதவுச்சு. காம்பராவுக்குள்ள (லயத்து அறைக்குள்ள) ராத்திரி, ஒத்த பல்பு, பொகை படிஞ்ச செவரு, அங்க முன்பக்க கேமரா தேறல. பின்பக்க கேமரா நல்லாருக்கு, கொழுந்துல தண்ணி நிக்கிறது வரைக்கும் எடுக்குது, அதுக்கு முழு மார்க் குடுப்பேன்.

வீடியோ கோலுக்கு தனியா ஒரு பியூட்டி இருக்கு, இது நெறைய பேருக்கு தெரியாது. கேமராவுல அணைச்சாலும் இது அணையாது. அண்ணன் கட்டார்ல, வாரக் கடைசியில வட்ஸ்அப்ல எடுப்பான். ஒரு தடவ அம்மாவுக்கு காய்ச்சல், ரெண்டு நாளா மலைக்குப் போகல, கண்ணு உள்ள போயி ஒதடு வெடிச்சு கெடக்குறாங்க, அவன் பாத்துட்டு "அம்மா நல்லா ஆகிட்டாங்க போல, மொகம் தெளிவா இருக்கு"ன்னு சொல்லி வச்சிட்டான். தூரத்துல இருக்கிற புள்ளை தாயோட ஒடம்ப பாக்குறதுக்கு அவனுக்கு இருக்கிறது அந்த சின்னத் திரை மட்டும்தான், அதுல களைப்பையும் வெளிறினதையும் தொடச்சிட்டு காட்டினா அவன் எத வச்சு கண்டுபுடிப்பான். தோட்டத்துப் பொம்பளைங்கள்ல ரத்தம் கம்மியா இருக்கிறவங்க எத்தன பேர்னு கிளினிக் போற எல்லாருக்கும் தெரியும், மிட்வைஃப் மிஸ் கண்ணு எமைய இழுத்துப் பாத்து, நெகத்தப் பாத்துத்தான் மொதல்ல சொல்லுவாங்க. அந்த அடையாளத்தத்தான் போன் மறைக்கிது.

கறுத்த தோல கேமரா சரியா எடுக்காதது நேத்து வந்த விஷயம் இல்ல. ஃபிலிம் காலத்துல கொடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு மாதிரிக் கார்ட் அனுப்பும், அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருப்பா, ஷெர்லி கார்ட்னு சொல்லுவாங்க, மொதல்ல அந்தப் படத்துக்கு நின்னவங்க பேரு ஷெர்லி. லேப்ல கலர் சரியா இருக்கான்னு பாக்குறது அவ தோல வச்சுத்தான். அவ தோலு சரியா வந்தா மிஷின் சரி. கனடாவுல லோர்னா ரொத்னு ஒரு பேராசிரியர் இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, அதுல என் நெஞ்சுல தச்சது என்னன்னா, கறுப்பு மக்கள் சொன்னதுக்காக மட்டும் ஃபிலிம் மாறல, சொக்லேட் கம்பெனிக்காரங்களும் மரத் தளபாடம் விக்கிறவங்களும் எங்க சாமானோட பிரவுன் கலர் ஒழுங்கா விழ மாட்டேங்குதுன்னு சொன்னதுதான் கொடாக்க அசைச்சிருக்கு. பல நெறத்துப் பொம்பளைங்க இருக்கிற கார்ட் 1990கள்லதான் வந்திருக்கு. எங்க வீட்டுல இருக்கிற அம்மா கல்யாண போட்டோவும் அந்தக் காலத்து ஃபிலிம்தான், அதுல அப்பாவோட வெள்ளை சட்டை மடிப்பு மடிப்பா தெரியுது, அம்மா மொகத்துல பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரியுது.

டிஜிட்டல் வந்தும் கத மாறல. 2018ல ஜோய் புவலம்வினி, டிம்னிட் கெப்ருன்னு ரெண்டு கணினி ஆராய்ச்சியாளருங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. மொகத்தப் பாத்து ஆணா பொண்ணான்னு சொல்ற மூனு கம்பெனி மென்பொருள எடுத்து, ஆப்பிரிக்காவுல மூனு நாடு, ஐரோப்பாவுல மூனு நாடுன்னு பாராளுமன்ற உறுப்பினர்களோட 1,270 படத்த குடுத்துப் பாத்தாங்க. வெளுத்த ஆம்பளைங்கள்ல தப்பு ஆகக் கூடினது 0.8 வீதம், கறுத்த பொம்பளைங்கள்ல 34.7 வீதம் வரைக்கும் போச்சு. மூனுல ஒருத்திக்கு மேல. கறுப்பா இருக்கிறதும் பொம்பளையா இருக்கிறதும் ஒன்னா சேர்ற எடத்துலதான் மிஷின் ஆக மோசமா தடுமாறியிருக்கு. புவலம்வினி படிக்கிற காலத்துல ஒரு வேலைக்காக மென்பொருள் எழுதிக்கிட்டு இருந்தப்போ அது அவங்க மொகத்த மொகம்னே எடுக்கல, ஒரு வெள்ளை மொகமூடிய மாட்டினதும் ஒடனே எடுத்துச்சாம். படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துச்சு, அம்மாவோட செல்ஃபிதான் ஞாபகம் வந்துச்சு. நாங்க மாட்டாமலே எங்களுக்கு மாட்டி விடுது.

இதுலயிருந்து ஃபேஸ் அன்லொக்குக்கு வர்றேன், அதுவும் இதே கேமராதான். பகல்ல வேலை செய்யிது. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல காம்பராவுக்குள்ள எனக்கு தெறக்குறதே இல்ல, எங்களவிட வெளுப்பா இருக்கிற கூட வேலை செய்ற மிஸ்ஸுக்கு அதே வெளிச்சத்துல அவங்க போன் தெறக்குது. அவங்களுது வேற மொடல், அதனால நான் இத பெருசா நிரூபிக்க வரல, பாத்தத சொல்றேன். ஆனா இத விட முக்கியமான ஒன்னு இருக்கு. இந்த வெல போன்கள்ல ஃபேஸ் அன்லொக்னா சாதாரண கேமரா ஒரு படத்த பாக்குறதுதான், ஆழம் அளக்கிறதில்ல. ஒரு காம்பராவுல ஆறு பேர் படுக்குற வீட்டுல, நாம தூங்கும்போது யாரும் போன எடுத்து மொகத்துக்கு நேர புடிச்சா தெறந்திரும். செட்டிங்ல "கண் தெறந்திருந்தாத்தான் தெறக்கணும்"னு ஒன்னு இருக்கும், அதுவும் சில போன்ல அணைஞ்சுதான் இருக்கும், தேடிப் போட்டுக்குங்க. இல்லாட்டி ஃபேஸ் அன்லொக்கே வேணாம், ஆறு இலக்க நம்பர் வையுங்க. புருஷன், அண்ணன், மாமனார் போனப் பாக்குறது பாசம்னு நம்ம ஊர்ல சொல்லிக்குவாங்க, வாங்கின காசு அவளோடதா இருந்தாலும் கூட. அவளோட மொகத்த வச்சே அவ போன தெறக்கிற வசதிய அவங்களுக்கு நாம குடுக்கக்கூடாது.

இப்ப எனக்கு ஆக வலிக்கிற விஷயம். எங்க சொந்தத்துல ஒரு தங்கச்சி, பெயர் வேணாம், ஏ.எல். பரீட்சை முடிச்சவ, பண்டாரவளைப் பக்கம் இருந்து ஒரு வரன் வந்துச்சு. போட்டோ கேட்டாங்க, இவ போன்ல எடுத்தத அப்படியே அனுப்பிட்டாங்க. பியூட்டி இருக்கிறது வீட்டுல யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்தாங்க, பலகாரம் சாப்பிட்டாங்க, டீ குடிச்சாங்க, போகும்போது மாப்பிள்ளையோட பெரியம்மா வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி "போட்டோவுல கலரா இருந்திச்சே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் புள்ளை எதையும் மறைக்கல, யாரையும் ஏமாத்தல, ஆனா ஏமாத்தினவ மாதிரி தலை குனிஞ்சு நின்னா. அந்த பெரியம்மாவோட வாய்க்கு போன் பொறுப்பு இல்லதான், கலரப் பாத்து பொண்ணு எடுக்கிற புத்தி போனுக்கு முன்னாடியே இருந்திச்சு. ஆனா அந்த புத்திக்கு தோதா ஒரு படத்த அவளைக் கேக்காம எடுத்துக் குடுத்தது போன்தான். அதுக்கப்புறம் அவ டவுன்ல விக்கிற வெள்ளையாக்குற கிரீம் வாங்கிப் பூசத் தொடங்கினா. அந்த மாதிரி கிரீம் சிலதுல மேர்கியுரி கலந்திருக்கு, கிட்னிக்கு கெடுதின்னு எத்தனையோ தடவ செய்தியில வந்தாச்சு. சொன்னேன், விட்டுட்டா, மொகத்துல ஒரு பக்கம் இன்னும் தோலு உரிஞ்ச அடையாளம் இருக்கு. அதையும் போன் அழிச்சுத்தான் காட்டுது.

எங்க பொம்பளைங்க மொகத்த மத்தவங்க எடுத்துப் பாவிக்கிறதுக்கு பெரிய சரித்திரமே இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து ஸ்டுடியோக்கள் தோட்டத்துப் பொம்பளைங்கள நிக்க வச்சு எடுத்து போஸ்ட் கார்ட் அடிச்சு வித்தாங்க, கீழ பேரு இருக்காது, "தமிழ் கூலி"ன்னு இருக்கும். லிப்டன் 1890ல இங்க தோட்டம் வாங்கினப்புறம் தேயிலை விளம்பரத்துல கூடையோட நிக்கிற பொம்பளை ஒலகம் பூரா போனா. இன்னைக்கும் தலவாக்கலையில இருந்து ஹட்டன் வர்ற ரோட்டுல, டெவன் நீர்வீழ்ச்சி பாக்குற எடத்துக்கிட்ட நின்னா தெரியும், வேன் நிக்கும், வெளிநாட்டுக்காரங்க எறங்கி கேமராவ தூக்குவாங்க, நம்ம அக்காமாரு கூடைய மாட்டிக்கிட்டு சிரிப்பாங்க, ஏதோ குடுப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது நம்ம கறுப்பும் நம்ம பல்லும் நாம இடுப்புல கட்டுற படங்குச் சாக்கும், அது இருந்தாத்தான் அவங்களுக்கு படம். நூறு வருஷத்துக்கு மேல மத்தவங்க கையில இருந்த கேமரா இப்பத்தான் அந்தப் பொம்பளைங்களோட சொந்தக் கைக்கு வந்திருக்கு, தன் காசுல வாங்கினது, தன்னைத் தானே எடுக்கலாம். அந்த மொத வாய்ப்புலயே அவள அழிச்சிட்டு வேற ஒருத்திய வைக்குதுன்னா நான் எப்படி அத ஒரு சின்ன செட்டிங் பிரச்சனைன்னு விட முடியும்.

அடையாள அட்டை போட்டோவையும் சொல்லணும். 2017ல புது கார்ட் வந்ததுல இருந்து பதிவு செஞ்ச ஸ்டுடியோவுல சர்வதேச அளவுப்படி எடுக்கணும், தோல் நெறம் இயல்பா இருக்கணும்கிறது அந்த விதியில ஒன்னு. எங்க ஆளுங்களுக்கு அடையாள அட்டை லேசுப்பட்ட விஷயம் இல்ல. 1948ல குடியுரிமைய பறிச்ச சட்டம் வந்து, 2003 வரைக்கும் நாடில்லாதவங்கன்னு மிச்சம் மீதி பேர் இருந்த சனம் நாங்க. அம்மா கார்ட் தொலைஞ்சு புதுசு எடுக்க ஸ்டுடியோ போனோம். கார்டுக்கு எடுத்த படத்துல ஸ்டுடியோ தம்பி கை வைக்கல, கயித்துத் தடம் உட்பட அப்படியே இருக்கு. கூடவே வீட்டுக்கு ஒரு பெரிய படம் கேட்டோம், அதுல கேக்காமலே வெள்ளையாக்கிக் குடுத்தாரு, "எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க அக்கா"ன்னாரு. அரசாங்கத்துக்கு குடுக்கிற படத்துல மட்டும் அம்மா அம்மாவா இருக்கணும், நாங்க செவத்துல மாட்டுற படத்துல வேற ஆளா இருக்கணுமா? மாத்திக் குடுக்கச் சொன்னோம், சந்தோசமாவே மாத்திக் குடுத்தாரு, அவர கொறை சொல்ல ஒன்னும் இல்ல.

இத எழுதப் போறேன்னு சொன்னதும் ஒரு கூட்டாளி என்கிட்ட சண்டைக்கு வந்தா. அவ டிக்டொக் போடுறவ, ஆடுவா, நல்லா ஆடுவா. ஃபில்டர் இல்லாம ஒரு வீடியோ போட்டப்போ கீழ வந்தத எனக்கு காட்டினா. "தோட்டக்காட்டு" அது இதுன்னு, கலர வச்சு, ஒடம்ப வச்சு, வாயில சொல்ல முடியாதது. ஃபில்டர் போட்டா அந்த பேச்சு பாதியா கொறையுதாம். "எனக்கு அது கவசம் மாதிரிடி, நீ அத கழட்டச் சொல்லாத"ன்னா. நான் கழட்டச் சொல்லல. மொகம் அவளோடது, அவளுக்கு எப்படி வேணுமோ அப்படி வைக்கலாம், ஒதட்டுச் சாயம் பூசுற மாதிரி, ஃபில்டர் போடுற பொம்பளைய பாத்து மொகம் சுளிக்கிற ஆளுங்களோட நான் சேரவே மாட்டேன். அவ பட்டன அமத்திப் போட்டா அது அவ முடிவு. எங்கம்மா விஷயத்துல அமத்தினது எங்கம்மா இல்ல. அதோட அசிங்கமா எழுதுறவன தடுக்க வேண்டிய கம்பெனி அத செய்யாம, அவளுக்கு ஒரு ஃபில்டர குடுத்து நீ மாறிக்கோன்னு சொல்றது எனக்கு நியாயமா படல. இத அவளும் ஒத்துக்கிட்டா.

கம்பெனிகளால முடியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். 2017ல ஃபேஸ்அப்னு ஒரு ஆப் "கவர்ச்சியாக்குற" ஃபில்டர்னு சொல்லி மொகத்த வெள்ளையாக்கி மாட்டிக்கிச்சு, அந்த மென்பொருள பழக்கின படங்கள்ல இருந்த பாரபட்சம்தான் காரணம்னு அவங்களே மன்னிப்பு கேட்டாங்க. 2020ல கூகுள் தன்னோட பிக்சல் போன்ல மொகத்த மெருகேத்துற வசதிய இனிமே அணைச்ச நெலையிலதான் தருவோம்னு அறிவிச்சது, அடுத்த வருஷம் கறுத்த தோல சரியா எடுக்க தனியா வேலை செஞ்சு வெளியிட்டது, 2022ல 10 நெறம் உள்ள ஒரு அளவுகோலையும் எல்லாரும் பாவிக்கலாம்னு விட்டுச்சு, எலிஸ் மொங்க்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் உருவாக்கினது. அதுக்கு முன்னாடி பரவலா பாவிச்சது 1975ல ஒரு தோல் டொக்டர் வெயில்ல எந்தத் தோலு எப்படி எரியும்னு பாக்க தொடங்கி, பிற்பாடு 6 வகையா விரிஞ்ச அளவுகோல். நோர்வேயில 2022 ஜூலையில இருந்து விளம்பரப் படத்துல ஒடம்பயோ தோலையோ மாத்தியிருந்தா அத படத்துலயே சொல்லணும்னு சட்டம். ஆக செய்யலாம், மனசு வேணும். ஆனா பிக்சல் எங்க வெலைக்கு வராது. நாப்பதாயிரத்துக்கு வாங்குற கறுத்த பொம்பளைங்கதான் இந்த நாட்டுல கூட, அவங்க கைக்கு வர்ற போன்ல இது இருக்கணும்.

அணைக்கிறது எப்படின்னு சொல்றேன். கேமராவ முன்பக்கம் திருப்பினா மொகம் மாதிரி இல்லாட்டி மந்திரக்கோல் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், அத அமத்தினா ஒரு கோடு வரும், பூச்சியத்துக்கு தள்ளணும். சில போன்ல தோல், கலர், தாடை, கண்ணு, மூக்குன்னு ஒவ்வொன்னா இருக்கும், எல்லாத்தையும் தள்ளணும். போர்ட்ரெய்ட்ல தனியா, வீடியோவுல தனியா பாக்கணும், அதுக்கப்புறம் போன் செட்டிங்ல தேடுற எடத்துல பியூட்டின்னு அடிச்சா வீடியோ கோலுக்கு உள்ளது வரும். கேமரா செட்டிங்ல ஏ.ஐ.ன்னு ஒன்னு இருந்தா அதையும் அணைச்சுப் பாருங்க. என் போன்ல இவ்வளவும் செஞ்சு, ஒரு அப்டேட் வந்ததும் திரும்ப பழைய எடத்துக்கே போயிருச்சு, அதனால அப்டேட்டுக்கு அப்புறம் ஒருக்கா பாத்துக்கங்க. பூச்சியத்துல வச்சாலும் லேசா தடவுது, மூக்குத்திக் கல்லப் பாத்தா தெரியும். அதுக்கு நான் பாவிக்கிறது ஓப்பன் கேமரான்னு ஒரு ஆப், இனாம், மொகத்த மினுக்குற வேலையே அதுல இல்ல. பாக்க கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும், படம் புள்ளி புள்ளியா வரும், ஆனா அதுல எடுத்த படத்துல அம்மா நெத்தித் தடம் முழுசா இருக்கு, அம்மாயியோட மூனு புள்ளியும் இருக்கு. அம்மாயி பாத்துட்டு "இதுதான் நானு"ன்னு சொல்லி, பேத்திக்கு அனுப்பச் சொன்னாங்க.

மார்க் போடணும்னா, பின்பக்க கேமராவுக்கு 5ல 4. முன்பக்கம், எல்லாத்தையும் அணைச்சு, வெளிச்சம் சரி பண்ணி எடுத்தா 3. பெட்டியில வர்ற மாதிரியே எடுத்தா 1, அந்த ஒன்னும் கேமரா வேலை செய்யிதுங்கிறதுக்காக. ஃபேஸ் அன்லொக்குக்கு நான் மார்க் போடல, பாவிக்க வேணாம்னுதான் சொல்லுவேன். வாங்கலாமா வேணாமான்னா, இந்த வெலைக்கு வேற நல்லது கிடைக்கலன்னா வாங்குங்க, மத்த வேலைக்கு போன் கொறை வைக்கல, முன்பள்ளி வேலையெல்லாம் இதுலதான் செய்றேன்.

கடைக்கு திரும்பப் போயி அந்த அண்ணாகிட்ட இதெல்லாம் சொன்னேன், அம்மாவோட ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல தங்கச்சி, கேட்டா குடுக்கும்போதே அணைச்சுக் குடுக்கிறேன், ரெண்டு நிமிஷ வேலைதானே"ன்னாரு. எல்லாக் கடையிலயும் சிம் போட்டுக் குடுப்பாங்க, கிளாஸ் ஒட்டிக் குடுப்பாங்க, அந்த நேரத்துலயே கேளுங்க. காசு குடுக்க முன்னாடி கடை வாசல் வெளிச்சத்துல அம்மாவையோ அம்மாயியையோ பக்கத்துல நிக்க வச்சு ஒரு படம் எடுத்துப் பாருங்க, மூக்குத்தியையும் பச்சையையும் பெருசாக்கிப் பாருங்க, அழிஞ்சிருந்தா அணைக்கச் சொல்லுங்க, அணைச்சும் அழிஞ்சா அடுத்த மொடலக் காட்டச் சொல்லுங்க.